உங்களுக்குத் தெரியுமா? 3 மில்லிமீட்டர் செய்யும் வேலை

1963-இல் அறிமுகமான போர்ஷே 911 காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கைத் தேடினால் கிடைக்காது. பக்கத்துக்கு ஒன்றாக, கட்டைவிரல் பருமனுள்ள எஃகுத் தண்டு சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்குள் நீளவாக்கில் ஒளிந்திருக்கிறது. சக்கரம் மேடேறும்போது அது முறுக்கிக்கொள்கிறது; அந்த முறுக்குதான் ஸ்பிரிங். விட்டம் சுமார் 19 மி.மீ. அதை 22 ஆக்கினால் பருமன் 16 சதவீதம்தான் கூடுகிறது, விறைப்போ ஏறக்குறைய 80 சதவீதம் எகிறுகிறது. முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்வதே காரணம். ஆகவே தடித்த தண்டை மட்டும் மாட்டுவது அரைகுறை வேலை. பழைய ஷாக் அப்சார்பரால் விறைப்பு கூடிய தண்டின் துள்ளலை அடக்க முடியாது. ரப்பர் புஷ் நைந்திருந்தால் சக்கரக் கோணமும் நிலைக்காது. (வண்டியைத் தாழ்த்த மட்டும் ஆசை என்றால் தண்டையே தொட வேண்டாம், அதன் முனையிலுள்ள திருகு போதும்.)

964 எனப்படும் 1989 மாடல் 911-இல் போர்ஷேயே சுருளுக்கு மாறிவிட்டதே, நாமும் மாற்றினால் என்ன என்று கேட்கலாம். மாற்றலாம். ஆனால் பழைய உடலில் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் தகடு வண்டியின் எடையைச் சுமக்கவென்று அமைக்கப்பட்டதல்ல; அந்தச் சுமை தண்டு வழியே கீழ்ச்சட்டத்துக்குப் போய்விடும். சுருள் போடுபவர் முதலில் அந்தத் தகட்டுக்கு வலுவூட்ட வேண்டும்.