மனுவுக்கு ஒப்புகை வாங்கினீர்களா?

கல்லூரி திறக்கும் மாதத்தில் தோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் அடகுக் கடைக்குப் போகும் அம்மாக்களில் பலருக்கு அந்த நடையே தேவையில்லை. பிள்ளைக்கு வரவேண்டிய பணம் அரசிடம் இருக்கிறது. சில சமயம் வந்தும் சேர்ந்துவிட்டிருக்கும். எங்கே சேர்ந்தது என்பதுதான் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அடிக்கடி கண்ணில் படுகிற வழக்கு ஒன்று. ஆலைக்குக் கரும்பு வெட்டும் குடும்பம். பையன் சிதம்பரத்தில் இரண்டாம் ஆண்டு. "ஃபண்ட் வரல தம்பி" என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்ல, அவனும் சரியென்று திரும்பிவிடுவான். தேர்வு நெருங்கும்போது கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்பார்கள். வீட்டில் பத்து வட்டிக்கு வாங்கிக் கட்டுவார்கள். பிறகு யாராவது உட்கார வைத்துப் பார்த்தால், உதவித்தொகை மாதங்களுக்கு முன்பே வேறொரு கணக்குக்குப் போயிருக்கும். செல்போன் கடையில் "ஜீரோ பேலன்ஸ், சும்மா ஒரு கைரேகை வைங்க" என்று திறந்து கொடுத்த கணக்கு அது. அந்தக் கணக்குக்குக் கொடுத்த சிம்மும் இப்போது கையில் இருக்காது.

இதைப் பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசு உதவித்தொகை வந்து விழுவதற்காக ஆதாரைக் கணக்கோடு இணைத்திருப்பது வேறு. எத்தனை வங்கியில் கணக்கு வைத்திருந்தாலும் ஒரு ஆதாருக்கு ஒரு கணக்கில்தான் அரசுப் பணம் விழும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதில் விழும். ஆதாரின் இணையதளத்தில் உங்கள் எண்ணையும் ஓ.டி.பி.யையும் போட்டு உள்ளே போனால், 'வங்கி இணைப்பு நிலை' என்ற இடத்தில் வங்கியின் பெயர் தெரியும். செயலில் உள்ளதா இல்லையா என்பதும் அங்கேயே இருக்கும். ஓ.டி.பி. அப்பாவின் பழைய எண்ணுக்குப் போகிறதென்றால் முதலில் ஆதார் மையத்தில் செல்போன் எண்ணை மாற்றுங்கள். தவறான வங்கி காட்டினால், உங்களுக்கு வேண்டிய வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். கொடுத்ததோடு விடாமல் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 'வங்கிக்காரர் போட்டுடறேன்னார்' என்பதை நம்பி ஒரு வருட உதவித்தொகையைக் கோட்டைவிட்டவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

பெயரையும் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். மூன்றும் ஒத்துப்போகாத விண்ணப்பம் எங்காவது ஒரு மேசையில் நின்றுவிடும். நின்றது என்று உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது வருமானச் சான்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கான மேல்படிப்பு உதவித்தொகைகளுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நெல்லிக்குப்பத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: உங்களில் பெரும்பாலோர் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்' பிரிவில் வருகிறீர்கள், மாநில அரசின் உதவித்தொகை உங்களுக்கும் உண்டு. சிறுபான்மையினர் உதவித்தொகை ஒன்றை மட்டும் எதிர்பார்த்துச் சும்மா இருக்காதீர்கள். நெல்லிக்குப்பம் பண்ருட்டி வட்டத்தைச் சேர்ந்தது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகப் பண்ருட்டிக்குத்தான் போகும். ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் தூங்குகிறது என்பதை ரசீதில் உள்ள விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்க்கலாம். வி.ஏ.ஓ. ஊரில் இல்லை, சர்வர் வேலை செய்யவில்லை, தேர்தல் வேலை என்று காரணம் வந்துகொண்டே இருக்கும். அதனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரல், மே மாதங்களிலேயே போட்டுவிடுங்கள். போன வருடச் சான்றைக் கொண்டுபோய் நீட்டினால் கடைசி நாளில் திருப்பி அனுப்புவார்கள்.

முதல் பட்டதாரிச் சான்றும் அதே இ-சேவை வழிதான். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழி தரவேண்டும். மண்டலத் துணை வட்டாட்சியர் சான்று தருவார். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை இதனால் குறையும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது. கலந்தாய்வு நேரத்திலேயே சான்று கையில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போனவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் கல்லூரி ஏதாவது கட்டணம் கேட்டால், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரி மாணவியருக்கான புதுமைப்பெண் (2022), மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் (2024) திட்டங்கள் இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. 'ஒன்று வாங்கினால் மற்றது கட்' என்று பேருந்து நிறுத்தத்தில் சொல்வதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். எல்லாமே கல்லூரி மாணவர் விவரங்களுக்கான யு.எம்.ஐ.எஸ். தளத்தில், பள்ளியில் உங்களுக்குத் தந்த இ.எம்.ஐ.எஸ். எண்ணோடு பொருந்த வேண்டும். அதைச் செய்வது கல்லூரியில் உள்ள பொறுப்பு அலுவலர். அவர் பெயரையும் அறை எண்ணையும் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு தானாக வந்துவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். புதுப்பித்தாகிவிட்டதா என்று போய்க் கேளுங்கள்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதவே காரணமான விஷயம். பணக் கஷ்டம் வந்ததும் நம் பிள்ளைகள் செய்வது இரண்டில் ஒன்று: கல்லூரிக்குப் போவதைச் சத்தமில்லாமல் நிறுத்துவது, இல்லையென்றால் அலுவலக ஜன்னலில் நின்று வாய்மொழியாகக் கெஞ்சுவது. இரண்டாலும் பயனில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்கு நாளைக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்காது. கோப்பில் தாள் இருந்தால் மட்டும்தான் கேட்டதாகக் கணக்கு.

வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பெயர், பதிவு எண், துறை, ஆண்டு, எந்த உதவித்தொகைக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், விண்ணப்ப எண், இன்றைய நிலை. 'உதவித்தொகை வரும்வரை கட்டணத்துக்கு அவகாசம் தந்து தேர்வெழுத அனுமதிக்க வேண்டும்' என்று ஒரே வரியில் கோரிக்கை. துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கோ கல்லூரி முதல்வருக்கோ. இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய் ஒன்றைக் கொடுங்கள். மற்றதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் சண்டை போடாமல் நேராக அஞ்சலகம் போய் ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒப்புகை இல்லாத மனு எழுதாத மனுதான்.

மனுவுக்குப் பதில் வரவில்லையா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். உதவித்தொகையைத் தாமதிப்பது, கட்டணத்துக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பது, விலகியவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தராமல் இருப்பது எல்லாமே அந்த விதிகளில் குறைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. 15 வேலை நாளுக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த மேல்முறையீட்டுக்கும் முத்திரை வைத்த அந்த முதல் மனுதான் ஆதாரம்.

கல்லூரி தரப்பில் தவறில்லை, பணம் அரசுத் துறையிலேயே நிற்கிறது என்றால் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதற்கான மாவட்ட நல அலுவலர். பிற்படுத்தப்பட்டோருக்கும் சிறுபான்மையினருக்கும் தனி மாவட்ட அலுவலர். ஆயிரம் ரூபாய்த் திட்டம் பற்றி என்றால் மாவட்ட சமூகநல அலுவலர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு எண் தருவார்கள், அதை வாங்காமல் வராதீர்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய் 'ஆளே இல்லை' என்று திரும்பாதீர்கள். அதிகாரிகளுக்கும் ஒரு சொல்: ஒரு மாணவன் தினக்கூலியை விட்டுவிட்டு வந்த அப்பாவோடு நிற்கும்போது 'அடுத்த வாரம் வா' என்பதற்கு முன்னால், கணினியில் அவன் எண்ணைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

கேட்டால் கிடைக்காது என்று சலித்துக்கொள்பவர்களுக்குச் சிதம்பரமே பதில். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 சட்டத்தால் அரசின் கைக்கு வந்த பிறகும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டியே இருந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விடுதியை மூடியும் எழுந்து போகவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, கட்டணம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைப் போல 13,610 ரூபாய் ஆனது.

கல்விக் கடனுக்கு வருவோம். 4 லட்சம் வரை அடமானமும் கிடையாது, உங்கள் பங்காகப் பணம் போடவும் வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். ஏழரை லட்சம் வரை அரசின் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்துப் பத்திரம் கேட்கக் கூடாது. கிளை மேலாளர் 'உங்க ஏரியா எங்க கிளைக்கு வராது' என்று வாயால் சொல்லி அனுப்புவதுதான் வழக்கமான தந்திரம். அதனால் நேரில் போகும் முன் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடலூர் மாவட்டத்துக்கு இந்தியன் வங்கிதான் முன்னோடி வங்கி. அதன் மாவட்ட மேலாளருக்கு ஒரு நகல் போகட்டும். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்; வழிகாட்ட 14448. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தால், படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. கடன் வாங்கும் அன்றே அதைக் கேட்டுப் பதியுங்கள். ஆனால் கடன் கடன்தான். கட்டாவிட்டால் பாதிப்பு உங்களோடு நிற்காது, கூடக் கையெழுத்திட்ட அப்பாவின் பயிர்க்கடன் வரை போகும்.

பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடங்கள் சில உண்டு. அப்பா சர்க்கரை ஆலையில் தொழிலாளி என்றால் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவி. சித்தாள், கொத்தனார் என்றால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். கரும்பு வெட்டும், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் குடும்பத்துக்கு உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை; அதற்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். தொகை பெரிதில்லை, ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கு உதவும். அரசு விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்றால் வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், மாணவியருக்கு அந்தத் தூரக் கணக்கு இல்லை. தினமும் போய்வருபவர்களுக்கு நம் ஊர் ஸ்டேஷனிலிருந்தே சிதம்பரத்துக்கு பாசஞ்சர் இருக்கிறது. மாணவருக்கு சீசன் டிக்கெட்டில் சலுகை. மாணவியருக்கு இளங்கலைப் பட்டப்படிப்பு வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இலவச சீசனே உண்டு. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட ரயில்வே படிவம் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கேட்டால் அங்கேயே அழித்துவிடுங்கள். அவற்றைத் தொட ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை. மிரட்டல் வந்தால் மேலும் பணம் கட்டாமல், செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930க்கு அழையுங்கள். அதைவிட மோசமானது இப்போது விடுதிகளைச் சுற்றுகிறது: 'உன் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்.' யாரோ ஒருவரிடம் மோசடி செய்த பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். வேறு மாநிலக் காவல்துறை கணக்கை முடக்கும். முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் ஏறும். உதவித்தொகையும் உள்ளே மாட்டும். கொடுக்காதீர்கள். கூடப் படிப்பவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே கிளைக்குப் போய்க் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், சிம்மை நிறுத்துங்கள், கணக்கில் தெரியாத பணம் கிடந்தால் ஒரு ரூபாயும் எடுக்காமல் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நீங்களே போய் எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு மனுக்களின் முத்திரை வைத்த நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.