முந்திப் பழுக்கும் தக்காளிக்கு ஏற்ற இடம்

மாஸ்கோவைச் சுற்றியுள்ள தாச்சா எனப்படும் கோடை வீட்டுத் தோட்டங்களில் தக்காளி வளர்ப்பவர்களுக்கு மண்ணும் நீரும் குறைவில்லை, நாள்தான் போதாது. ஜூன் தொடக்கம் வரை உறைபனி விழக்கூடும். ஆகஸ்டில் இரவுகள் குளிர்ந்து இலையில் ஈரம் தங்கத் தொடங்கினால் கருகல் நோய் வந்துவிடும். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தில் தள்ளிய அதே நோய்தான் இது. பக்கத்துப் பாத்தி உருளைக்கிழங்கிலிருந்து காற்றிலேயே பரவும். முளைத்து 80 முதல் 100 நாளில் பழுக்கும் சான்கா, பெலி நலிவ் போன்ற குட்டை ரகங்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. நோயைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. ஆனால் ஜன்னலோரத்தில் வளர்த்த 60 நாள் நாற்றை நட்டால், நோய் முற்றுவதற்குள் பெரும்பகுதி பழத்தைப் பறித்துவிடலாம்.

ஆகவே இவற்றுக்குத் திறந்த வெளிதான் ஏற்ற இடம். பசுமைக்குடிலை உயர ரகங்களுக்கு விடுவதே சரி என்பேன். செடியைப் பார்த்தாலே காரணம் விளங்கும். குட்டை ரகம் ஆறு, ஏழு இலை விட்டதுமே முதல் பூங்கொத்தைத் தள்ளுகிறது. அப்புறம் ஓரிரு இலைக்கு ஒரு கொத்து. சில கொத்துகளோடு தண்டின் நுனியும் பூவாக முடிந்து, வளர்ச்சி நின்றுவிடும். இரண்டு மீட்டர் உயரக் குடிலில் அதை நட்டால் மேலே முக்கால் பங்கு இடம் வீண். உயர ரகமோ கூரை தொடும்வரை மூன்று இலைக்கு ஒரு கொத்தாகக் காய்த்துக்கொண்டே போகும்.

குடிலில் மே நடுவிலேயே நடலாமே, பழம் இன்னும் முந்துமே என்பார்கள். உண்மைதான், அதற்குக் கதவோரம் நாலைந்து செடி போதும். ஆனால் மூடிய பாலிகார்பனேட் குடிலில் நண்பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது ஒட்டிக்கொண்டு உதிராது. பூ இருந்தும் காய் பிடிக்காமல் போவது இதனால்தான். கதவையும் மேல் ஜன்னலையும் காலையிலேயே திறந்துவிட வேண்டும். மழை ஓயாத வடக்குப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே இலையை நனையாமல் காக்கக் கூரை தேவை, குட்டை ரகத்துக்கும்கூட. ருசி மட்டு என்ற குறையும் நியாயமே: இலை குறைந்த செடியில் பழத்துக்குச் சேரும் சர்க்கரையும் குறையும். அதற்காகச் செடியிலேயே கனியட்டும் என்று ஆகஸ்டில் காத்திருப்பது ஆபத்து. இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்பே செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் வைத்தால், 20 டிகிரி சூட்டில் தானே பழுக்கும்.