ஆடாதோடை: வேலியும் மருந்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டார் இருமலுக்கும் சளிக்கும் பயன்படுத்திவந்த மூலிகைகளுள் ஆடாதோடை முதன்மையானது. கோப்பாய்ப் பகுதியில் அதனை வளர்க்கும் முறையினையும், அதன் பயனையும் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

ஆடு தொடாத இலையுடைமையே இப்பெயர்க்குக் காரணம் என்பர். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் இலின்னேயசு 1753இல் இச்செடிக்குப் பெயரிட்டபோது, இலங்கையில் வழங்கிய இப்பெயரையே 'அடாதோடா' என இலத்தீன் வடிவில் அமைத்துக்கொண்டார். கால்நடை கடியாமையால் இது வேலிக்கு உகந்ததாயிற்று.

ஆளுயரத்துக்கு மேலும் வளரும் இப்புதர் பல்லாண்டு வாழ்வது. மாமர நிழலிலும் தழைப்பது. முற்றிய தண்டினை மூன்று நான்கு கணுக்கள் அமையச் சாணளவில் வெட்டி, இரு கணுக்கள் மண்ணுள் மறைய ஐப்பசி மழையோடு ஊன்றுதல் வேண்டும். சுண்ணக்கல்லின்மேற் படிந்த செம்மண் நீரை விரைவில் வடியவிடுமாதலின் வேர் நன்கு பிடிக்கும். கிழக்கே உப்பாற்றை அடுத்து மழைநீர் தேங்கும் தாழ்நிலம் ஏற்றதன்று. முதலாண்டுக் கோடையிற் கிணற்றுநீர் இறைத்தல் வேண்டும். பின்னர் வறட்சியைத் தாங்கும். கத்தரிக்குந்தோறும் புதுத்தளிர் பெருகும். வெட்டிய இலை தோட்டத்துக்குப் பசளையுமாகும்.

இலையின் கசப்புக்குக் காரணமான அற்கலொயிட்டுகளுள் தலையாயது வாசிசீன். இதனை அடியாகக்கொண்டே, சளியை இளக்கும் புரோம்எக்சீன் என்னும் நவீன மருந்து உருவாக்கப்பட்டது. எனினும், வாசிசீன் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பினது. ஆகவே கருவுற்ற பெண்கள் ஆடாதோடையை உட்கொள்ளலாகாது. ஏனையோரும் மருத்துவர் கூறும் அளவிலேயே கொள்ளுதல் வேண்டும். இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் கசாயத்தை மட்டும் நம்பியிராது, காசநோய் உண்டோவெனச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

கதியால் வேலிகள் நின்ற ஒழுங்கைகள் பலவற்றில் இன்று மதில்கள் எழுந்துள்ளன. வேலியோடு மருந்தும் அகல்கின்றது. செடியை இனங்காணும் அறிவும் அருகுகின்றது. மதிலின் உட்புறத்தே ஒரு வரிசைத் தண்டுகளை ஊன்றுவதற்கு ஒரு முழ அகல நிலம் போதும். அயல் வீட்டு வேலியில் இன்னும் எஞ்சியுள்ள செடியே அதற்கு வேண்டிய நடுபொருளைத் தரும். அதுவும் அழியுமுன் இம்முயற்சியை மேற்கொள்ளுதல் நங்கடன்.