வீட்டுக்குள் ஒரு குளம் – 7: துரத்தப்படும் பெண் கப்பிகள்

கப்பி சாதுவான மீன், புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது என்று சொல்லித்தான் கடைகளில் விற்கிறார்கள். வாங்கிவந்து தொட்டியில் விட்ட சில நாட்களிலேயே சந்தேகம் வந்துவிடும். ஒன்று இன்னொன்றை விடாமல் விரட்டும். ஒரு மீனின் வால் நுனி கிழிந்திருக்கும். வயிறு பருத்த மீன் ஒன்று தீனிக்குக்கூட வராமல் மூலையில் ஒண்டி நிற்கும்.

புதுக்கோட்டை வட்டாரத்தில் இந்தச் சந்தேகத்தை எழுப்புகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மீன் எங்கிருந்து வந்தது என்பதுதான். கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் மீன் விடுவது தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையின் நெடுநாள் வழக்கம். அதற்குக் கப்பியும் பயன்படுகிறது, கம்பூசியாவும் பயன்படுகிறது. கம்பூசியா 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. சாம்பல் நிறம், சிறு உடல். பெண் கப்பி என்றே தோன்றும். ஆனால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும் சுபாவம் அதற்கு உண்டு. கிணற்று மீனைப் பாட்டிலில் பிடித்துவந்து கடையில் வாங்கிய கப்பிகளோடு விட்டிருந்தால், கிழிந்த வாலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். வால்துடுப்பில் வரிசையாகச் சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் அதைத் தனியே எடுத்துவிடுவது நல்லது.

எல்லாமே கப்பிதான் என்றால், நடப்பது பெரும்பாலும் சண்டையே அல்ல.

ஆண் கப்பிக்குப் பகல் முழுவதும் பெண்ணைத் தேடுவதே வேலை. உடலை வில்லாக வளைத்து, நிறத்தைக் காட்டி, நடுங்கி நிற்கும். பெண் கண்டுகொள்ளாவிட்டால் பின்னாலிருந்து வந்து பலவந்தமாகச் சேர முயலும். கப்பிகளின் தாயகங்களில் ஒன்றான டிரினிடாடின் ஆறுகளில் ஆய்வாளர்கள் ஆன் மகுரனும் பென் செகர்ஸும் இதைப் பொறுமையாகப் பார்த்தார்கள். ஒரு பெண் மீன் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு முறை இந்தத் தொல்லையைச் சந்திக்கிறது. அதனால் அது இரை தேடும் நேரமே குறைந்துவிடுகிறது என்று 1994இல் எழுதினார்கள். வேறு இரு ஆய்வாளர்கள், சஃபி டார்டனும் டேரன் கிராஃப்டும், 2008இல் கண்டது இன்னும் கொடுமை. ஆண்களிடமிருந்து தப்புவதற்காக, தங்களைத் தின்னும் பெரிய மீன்கள் உலவும் ஆழமான பகுதிக்கே பெண்கள் போய்விடுகின்றன.

ஆற்றில் அப்படி ஓடவாவது இடம் இருக்கிறது. இரண்டடித் தொட்டியில் பிடிப்பதே ஐம்பது லிட்டர் சொச்சம்தான். அதில் எங்கே ஓடும்?

ஆண்கள் தமக்குள் மோதுவதும் உண்டு. துடுப்பை விரித்து ஒன்றையொன்று சுற்றிவரும், வாலைக் கவ்வும். மகுரனும் செகர்ஸும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி இருக்கிறது. கூட்டமாக நெருங்கி நீந்தும் பழக்கம் மிகுந்த கப்பிகளிடம் மூர்க்கம் குறைவு. எதிரிகள் நிறைந்த ஆறுகளில்தான் கூட்டம் நெருக்கமாகிறது. வீட்டுத் தொட்டியிலோ எதிரியே இல்லை.

ஆக, முரட்டு மீன் எது என்று தேடி அதைத் தண்டிப்பதைவிட எண்ணிக்கையைச் சரிசெய்வதே முதல் வேலை. ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் என்பது வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு. தொல்லை பங்கிடப்படும், ஒரே பெண் மேல் விழாது. வண்ண வாலுக்கு ஆசைப்பட்டு ஐந்து ஆண், ஒரு பெண் என்று வாங்கிவருவதுதான் பல தொட்டிகளில் பெண்கள் சாகக் காரணம். ஜோடியாக வாங்குவதும் தப்புக் கணக்குதான். வண்ணம் மட்டும் போதும், குஞ்சு வேண்டாம் என்பவர்கள் ஆண்களை மட்டுமே வளர்க்கலாம். அப்போதும் மூன்று நான்கு என்று விடாமல் ஏழெட்டாக விட்டால், விரட்டு ஒரே மீன் மேல் குவியாது.

குட்டி போட்ட சில நாட்களுக்குப் பெண்ணை ஆண்கள் மொய்த்துக்கொள்ளும். இனச்சேர்க்கைக்கு அது இணங்கும் காலம் அது. பிரசவத்தால் களைத்த காலமும் அதுவே. நான்கைந்து நாட்கள் தனித் தொட்டியில் ஓய்வு கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேல்மட்டத்திலேயே தொங்கும் எந்தப் பெண் மீனுக்கும் இதே வைத்தியம்தான்.

பிறகு மறைவிடம். வேலம்பாசியை ஒரு பக்கம் அடர்த்தியாக விட்டால் துரத்துகிற ஆணின் பார்வை மறையும். கண்மாயில் பறித்த பாசியில் தட்டானின் இளம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவை மீன்குஞ்சுகளைத் தின்றுவிடும். அதனால் பாசியை நன்றாக அலசி, சில நாட்கள் தனி வாளியில் போட்டுவைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும். புதுக்கோட்டை வெயிலில் தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். ஓயாமல் ஓடும் மீனுக்கோ அது கூடுதலாகத் தேவை. சித்திரை, வைகாசியில் ஏர் பம்பை நிறுத்தவே கூடாது.

மிஞ்சும் ஆண்களையும் பெருகும் குஞ்சுகளையும் என்ன செய்வது? கடையில் திருப்பிக் கொடுக்கலாம், தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம். ஊருணியிலோ கண்மாயிலோ மட்டும் விடக்கூடாது. பெண் கப்பி ஒரு முறை சேர்ந்தால் பல மாதங்கள் விந்தணுவைச் சேமித்து, ஆண் துணையின்றியே அடுத்தடுத்துக் குட்டி போடும். தனியாக விடப்பட்ட ஒரே ஒரு சினை மீன் புதிய நீரில் ஒரு கூட்டத்தையே உருவாக்கிவிடும் என்று மகுரன் குழுவினர் 2011இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

(அடுத்த வாரம்: தாயிடமிருந்தே குஞ்சுகளைக் காப்பது)