உறங்கிய புல்லட்டும் ஒழுகும் எண்ணெயும்

தந்தையார் ஓட்டிய புல்லட்டைப் பல ஆண்டுகள் தார்ப்பாயின் கீழ் நிறுத்தி வைத்திருந்து, பின்னர் ஒரு நாள் ஆசையோடு உதைத்துக் கிளப்புகிறவர்களில் அநேகர், சில நிமிஷங்களுக்குள் வண்டியின் அடியில் தேங்கும் கரிய எண்ணெயைக் கண்டு மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இஞ்சினே பாழாயிற்று என்று முடிவு கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் அங்கே எதுவும் உடைந்திருப்பதில்லை. எண்ணெய் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் பல்லாண்டு காலம் உற்பத்தி செய்த அந்த வார்ப்பிரும்புச் சிலிண்டர் வண்டியில், கிரேங்க் சுழலும் அறைக்குப் பின்புறம், அதே வார்ப்பில் அமைந்த, சுமார் 2.25 லிட்டர் கொள்ளும் அறையே எண்ணெய்த் தொட்டி. ஒரு பம்பு அங்கிருந்து எண்ணெயை எடுத்துக் கிரேங்குக்கு ஊட்ட, மற்றொன்று கீழே வடிந்ததை வாரித் திருப்பி அனுப்புகிறது. வண்டி மாதக்கணக்கில் அசையாமல் நின்றாலோ, பம்பின் தட்டுகளுக்கிடையே உள்ள மிக நுண்ணிய இடைவெளி வழியாக எண்ணெய் கசிந்து கசிந்து, வெறுமையாக இருக்கவேண்டிய கிரேங்க் அறையை நிரப்பிவிடுகிறது. அளவுக்குச்சியைப் பார்ப்பவருக்குத் தொட்டி வறண்டிருப்பதாகத் தோன்றும். அவர் மேலும் ஒரு லிட்டரை ஊற்றுவார். அங்கேதான் விபரீதம் ஆரம்பமாகிறது.

பிஸ்டன் கீழிறங்கும்போதெல்லாம் கிரேங்க் அறையின் காற்று பிரீதர் வழியாக வெளியேற வேண்டும். பிஸ்டன் மேலேறும்போது வெளிக்காற்று உள்ளே வரலாகாது. இதற்கென வாத்தின் அலகு போல் வாய் குவிந்த ஒரு சிறு ரப்பர் பொருத்தப்பட்டிருக்கிறது. அது காலத்தால் இறுகி ஒட்டிக்கொண்டு, அறையிலும் எண்ணெய் நிறைந்திருக்குமானால், உள்ளே எழும் அழுத்தம் இஞ்சினின் ஒவ்வொரு மூட்டையும் சோதித்துப் பார்த்து, பலவீனமான இடத்தில் எண்ணெயைப் பீய்ச்சிவிடும். ஆதலால் கிளப்புவதற்கு முன்பே கிரேங்க் அறையின் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, தேங்கியதை வடித்துவிட்டு, பிரீதர் ரப்பரையும் மாற்றிவிடுவது உத்தமம். பாதிக் கசிவு இதிலேயே நின்றுவிடும்.

எஞ்சியிருப்பது மெய்யான கசிவு. காகிதப் பேக்கிங்குகள் உலர்ந்து சுருங்கியிருக்கும். ஆயில் சீல்களின் உதடுகள் விறைத்திருக்கும். ஈரக்காற்றுப் பட்டு நின்ற முன் ஃபோர்க்குக் குழாய்களில் துரு அரித்த குழிகள், புதிய சீலையும் கிழித்துவிடும். கசியும் இடத்தை நிச்சயிப்பதற்கு, இஞ்சினை நன்றாகத் துடைத்து, முகப்பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் போதும். எண்ணெய் தன் தடத்தைத் தானே எழுதிக் காட்டும். காற்று அதைப் பின்னோக்கி அடித்துச் செல்லுமாகையால், ஈரத்தின் உச்சியையும் முன்முனையையும்தான் தேட வேண்டும். ஸ்குரூக்களை வெறிகொண்டு முறுக்குவது கவரை வளைத்துவிடும். பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசையை அள்ளி அப்புவதோ அதனினும் தீது. உள்ளே பிதுங்கிய துணுக்குகள் எண்ணெய் வழிகளை அடைத்துக்கொள்ளும்.

டைமிங் கவரைக் கழற்றுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கவருக்கும் கிரேங்கின் முனைக்கும் நடுவே, பிஸ்டனின் தண்டு கிரேங்கோடு சேரும் பிக்-எண்டு பேரிங்குக்குச் செல்லும் எண்ணெயைக் காக்கும் ஒரு சிறு தக்கை வளையம் இருக்கிறது. அது சுருங்கிவிட்டால் தரையில் ஒரு சொட்டும் விழாது. எண்ணெய் உள்ளேயே வழிதவறி, சேரவேண்டிய பேரிங்கைச் சேராமல் வடிந்துவிடும். வெளியே ஒழுகும் எண்ணெயால் தரைதான் அழுக்காகும். இந்தக் கசிவாலோ பிக்-எண்டே கருகும். கவர் கழன்ற ஒவ்வொரு முறையும், பழையது நன்றாகத் தோன்றினாலும், புதிய தக்கையைப் போட்டே மூட வேண்டும்.