பல்பை மாற்றுவது போல மென்பொருளை மாற்றலாமா?

உங்கள் வீட்டுப் பல்பு ஒன்று எரிந்து போகிறது. கடைக்குப் போய்ப் புதிய பல்பு வாங்கி வருகிறீர்கள். பழையது ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. புதியது வேறொரு நிறுவனத்தினுடையது. எனினும் அது அதே ஹோல்டரில் பொருந்துகிறது. சுவிட்சைப் போட்டதும் ஒளி தருகிறது. காரணம் என்ன? அடிப்பகுதியின் விட்டம் 22 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 230 வோல்ட் என்று எல்லோருக்கும் பொதுவான அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஹோல்டருக்கு அளவுதான் முக்கியம். தயாரித்தவர் பெயர் முக்கியமன்று.

வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் இரவு பகலாக ஓடும் மென்பொருளின் அடிப்பகுதியையும் இப்படிக் கழற்றி மாற்ற முடியுமா? ஜாவா என்னும் கணிப்பொறி மொழியின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர்

கணிப்பொறியின் செயலிகளில் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்குப் புரியும் கட்டளை மற்றொரு வகைக்குப் புரியாது. ஆகவே ஒரே நிரலை ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. இத்தொல்லையைத் தீர்க்க அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டனர். அதன் பயனாக 1995இல் ஜாவா வெளிவந்தது.

ஜாவாவில் எழுதிய நிரல் முதலில் ஓர் இடைமொழிக்கு மாற்றப்படுகிறது. இந்த இடைமொழி எந்தச் செயலிக்கும் சொந்தமானதன்று. ஒவ்வொரு கணிப்பொறியிலும் இருக்கும் 'இயக்கச் சூழல்' என்ற மென்பொருள் அதைப் படித்து, அந்தக் கணிப்பொறியின் மொழியில் பெயர்த்து நடத்துகிறது. நிரலை ஒரு முறை ஆயத்தம் செய்தால் போதும். இயக்கச் சூழல் உள்ள எந்தக் கணிப்பொறியிலும் அது ஓடும்.

இந்த இடைமொழி வெறும் எண்களால் ஆனது. எடுத்துக்காட்டாக, 96 என்றால் 'இரண்டு முழு எண்களைக் கூட்டு' என்று பொருள். கூட்டுத்தொகை 2147483647 என்ற மீப்பெரு மதிப்பைத் தாண்டினால் என்ன ஆகும்? அதனுடன் 1 சேர்த்தால் -2147483648 வரவேண்டும். இதுவும் விதியில் எழுதப்பட்டுள்ளது! இத்தகைய விதிகள் யாரும் படிக்கக்கூடிய நூலாக வெளியிடப்பட்டுள்ளன. பல்புக்கு 22 மில்லிமீட்டர் எப்படியோ, ஜாவாவுக்கு இந்த விதிநூல் அப்படி.

இலவசம் விலையானது

2006ஆம் ஆண்டு நவம்பரில் ஜாவாவின் மூல நிரலைத் திறந்துவிடப் போவதாக சன் நிறுவனம் அறிவித்தது. மூல நிரல் என்பது மனிதர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய வடிவம். அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இதைத்தான் 'திறந்த மூல மென்பொருள்' என்கிறோம். இவ்வாறு உருவான திட்டத்தின் பெயர் ஓப்பன் ஜேடிகே.

2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. 2018 செப்டம்பரில் ஜாவாவின் 11ஆம் பதிப்பு வந்தபோது, ஆரக்கிள் தன் பெயரில் தரும் இயக்கச் சூழலை அன்றாட வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கட்டணம் விதித்தது. 8ஆம் பதிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்துவோருக்கு வந்துகொண்டிருந்த இலவசத் திருத்தங்களும் 2019 ஜனவரியோடு நின்றன. 2021இல் வந்த 17ஆம் பதிப்பைக் குறிப்பிட்ட காலம் வரை கட்டணமின்றிப் பயன்படுத்த ஆரக்கிள் இடம் தந்தது. ஆனால் 2023 ஜனவரியில் சந்தாவைக் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. ஜாவாவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது கணக்கன்று. நிறுவனத்தில் மொத்தம் எத்தனை பணியாளர்கள் என்பதே கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 200 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்று. ஜாவா நிரலைப் பயன்படுத்துபவர்கள் நால்வரே என்று கொள்வோம். 2023ஆம் ஆண்டு விலைப்பட்டியலின்படி, ஆயிரத்துக்கும் குறைவான பணியாளர் உள்ள நிறுவனத்துக்குத் தலைக்கு மாதம் 15 டாலர். அப்படியானால் ஆண்டுக்கு 200 × 15 × 12 = 36,000 டாலர். நால்வருக்கு மட்டும் கணக்கிட்டால் 720 டாலர்தான்! கணிப்பொறியைத் தொடாத தொழிலாளியும் இங்கே கணக்கில் சேருகிறார்.

வேறு கதவுகள்

இந்நிலையில் நிறுவனங்கள் ஓப்பன் ஜேடிகேயின் பக்கம் திரும்பின. அதே மூல நிரலிலிருந்து அமேசான் நிறுவனம் 'கொரெட்டோ' என்ற இயக்கச் சூழலை 2018இல் அறிவித்தது. எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் உள்ள அடாப்டியம் குழு 'டெமுரின்' என்பதை வழங்குகிறது. மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், அசூல் ஆகியவையும் தத்தம் தொகுப்புகளை வழங்குகின்றன. இவை விதிநூலின்படி நடக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய சோதனைத் தொகுப்பு இருக்கிறது. 11ஆம் பதிப்பிலிருந்து ஆரக்கிளின் கட்டணத் தொகுப்பும் அதன் திறந்த மூலத் தொகுப்பும் செயலில் ஏறக்குறைய ஒன்றே.

எழுதப்படாத ஒப்பந்தங்கள்

அப்படியானால் மாற்றுவது பல்பை மாற்றுவதைப் போல எளிதுதானே என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள். ஒளியைக் குறைத்துக் கூட்டும் பழைய ரெகுலேட்டர் உள்ள விளக்கில் எல்.இ.டி. பல்பைப் போட்டால் பல வேளைகளில் அது மினுக்குகிறது. ஹோல்டர் பொருந்தியது, மின்னழுத்தமும் பொருந்தியது. ஆனால் அந்த ரெகுலேட்டர் சூடாகி எரியும் இழையை நம்பிச் செய்யப்பட்டது. அந்த நம்பிக்கை எந்த அளவிலும் எழுதப்படவில்லை.

மென்பொருளிலும் இப்படி நேர்வதுண்டு. ஆரக்கிளின் 8ஆம் பதிப்பில் சில எழுத்துருக்கள் உள்ளேயே சேர்த்துத் தரப்பட்டன. திறந்த மூலத் தொகுப்புகள் கணிப்பொறியில் உள்ள எழுத்துருக்களைத் தேடி எடுத்துக்கொள்கின்றன. எழுத்துரு மாறினால் எழுத்தின் அகலம் மாறும். அச்சாகும் பட்டியலில் தொகை கட்டத்தை விட்டு வெளியே போய் நிற்கலாம். கூட்டல் சரி, விடை சரி, தாள்தான் கெட்டது! இதேபோல், இணையத்திலிருந்து நிரலை நேரே தொடங்கித் தரும் வெப் ஸ்டார்ட் என்ற பகுதி ஆரக்கிளின் 8ஆம் பதிப்பில் இருந்தது. 11ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த நிரல்களுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கூட முறையே வழி

ஆகவே மாற்றத்தை ஒரு பரிசோதனையாகவே செய்ய வேண்டும். முதலில், எந்தக் கணிப்பொறியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். இரண்டாவதாக, அதே பதிப்பு எண்ணுள்ள திறந்த மூலத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனத்தையும் பதிப்பையும் ஒருசேர மாற்றிவிட்டால், பிழை எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் படித்தீர்கள் அல்லவா? அதே விதிதான். மூன்றாவதாக, பழையதற்கும் புதியதற்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து விடைகளை ஒப்பிட வேண்டும். அச்சிட்ட தாளையும் பார்க்க வேண்டும். பின்னர்ச் சில கணிப்பொறிகளில் மட்டும் தொடங்கிப் படிப்படியாக மாற்ற வேண்டும். முடிவில் பழையதை எங்கும் மிச்சம் வைக்காமல் நீக்க வேண்டும். மறந்து விட்ட ஒரே ஒரு கணிப்பொறியும் உரிமக் கேள்வியைக் கொண்டுவரக்கூடும்.

செலவில்லையா?

உரிமக் கட்டணம் இல்லை, உழைப்பு உண்டு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. அவற்றை நிறுவாமல் விட்டால் இலவச மென்பொருளே ஆபத்தாகிவிடும். அந்தத் திருத்தங்களை எழுதும் பொறியாளர்களுக்குப் பல நிறுவனங்கள் சம்பளம் தருகின்றன. அவற்றுள் ஆரக்கிளுக்கும் பெரும் பங்கு உண்டு. இதை மறப்பது நியாயமன்று. உதவி தேவைப்படுவோர் பணம் கொடுத்தும் உதவி பெறலாம். ஆனால் யாரிடம் பெறுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இப்போது அவர்களிடம் இருக்கிறது. விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். விதிநூல் பொதுவில் இருப்பதால் கிடைத்த வலிமை இது.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் ஜாவா இருந்தால், ஆசிரியர் துணையோடு சிறு நிரல் ஒன்றை எழுதி இடைமொழிக்கு மாற்றுங்கள். கிடைக்கும் கோப்பை, எண்களைக் காட்டும் கருவி ஒன்றில் திறந்து பாருங்கள். முதல் நான்கு எண்கள் 202, 254, 186, 190 என்று இருக்கும். எட்டாவது எண் பதிப்பைச் சொல்லும்: 52 என்றால் 8ஆம் பதிப்பு, 55 என்றால் 11, 61 என்றால் 17. தயாரித்த நிறுவனத்தின் பெயருக்கென்று ஓர் இடம் அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது, அப்படி ஓர் இடமே விதிநூலில் வகுக்கப்படவில்லை.