பட்டைக்குறியும் படிவமும்

நுழையும்முன்

காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் பண்டங்களின்மேல் சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பண்டத்தில் குறியிட்டுக் கணக்கில் சேர்க்கும் அவ்வழக்கத்தின் இன்றைய வடிவமே பட்டைக்குறி. அதனைக் கணினி பெற்றுக்கொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

விசைப்பலகையாகும் வருடி

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள துறைமுகப் பகுதியின் கிடங்குகளில் பெட்டிகள் வருவதும் போவதுமாக இருக்கும். ஒவ்வொன்றின் எண்ணையும் கையால் தட்டச்சு செய்தால் காலம் விரயமாகும், பிழையும் மலியும். எனவே, வருடி பயன்படுகிறது. அதன் ஒளியைக் கருங்கோடுகள் உட்கொள்ளும். வெள்ளை இடைவெளிகள் எதிரொளிக்கும். அவ்வேறுபாட்டை வருடி எண்களாக மாற்றுகிறது. பெரும்பாலான வருடிகளைக் கணினி ஒரு விசைப்பலகையாகவே கருதுகிறது. எண்கள் ஒவ்வொன்றாகத் தட்டப்பட்டு, இறுதியில் 'என்டர்' விசை அழுத்தப்பட்டதுபோல் செய்தி வந்து சேரும்.

பிழை பிறக்கும் இடம்

இவ்வெளிமையிலேயே இடரும் உள்ளது. கர்சர் நிற்கும் கட்டத்திலேயே எண்கள் விழும். அது 'எண்ணிக்கை' என்னும் கட்டத்தில் நின்றால், 13 இலக்கக் குறியீடே பெட்டிகளின் எண்ணிக்கையாகப் பதிவாகிவிடும். 'என்டர்' வந்தவுடன், நிரம்பாத படிவம் சேமிக்கப்படவும் கூடும். இருப்புக் கணக்கு பிழைத்தால் வினவப்படுபவர் வருடியை ஏந்திய தொழிலாளரே. தவறோ படிவத்தை வடிவமைத்தவருடையது.

காக்கும் வழிகள்

முதலாவதாக, ஒவ்வொரு வருடலுக்குப் பின்னும் கர்சர் குறியீட்டுக் கட்டத்திற்குத் தானே திரும்ப வேண்டும். இரண்டாவதாக, எண்ணுக்கு முன் ஓர் அடையாள எழுத்தை அனுப்புமாறு வருடியை அமைக்கலாம். அவ்வெழுத்தைக் கண்டதும், கர்சர் எங்கிருப்பினும், நிரல் எண்ணை உரிய கட்டத்தில் சேர்க்கும். மூன்றாவதாக, இறுதி இலக்கமாகிய சோதனை இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

8901234567890 என்னும் எண்ணைக் காண்போம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களின் கூடுதல் 28. இரட்டைப்படை இடங்களின் கூடுதல் 34. அதன் மும்மடங்கு 102. இரண்டும் சேர்ந்து 130. இதனை அடுத்த பத்தின் மடங்காக்க எதுவும் கூட்ட வேண்டியதில்லை. ஆகவே சோதனை இலக்கம் 0. ஓர் இலக்கம் மாறினும் இக்கணக்கு பொருந்தாது. படிவம் அவ்வெண்ணை ஏற்க மறுக்கும்.

கருவி விரைவைத் தரும்; நம்பகத்தைத் தருவது நிரலரின் முன்னறிவே.

தெரிந்து தெளிவோம்

* பட்டைக்குறிக்கு நார்மன் ஜோசப் உட்லண்டும் பெர்னார்டு சில்வரும் 1952இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர்.
* 890 எனத் தொடங்கும் எண், நிறுவனம் இந்தியாவில் பதிவுபெற்றதைக் காட்டும். பொருள் இங்கு விளைந்தது என்பதையன்று.